நாணைப் பிடித்திருப்பது யார்? குறுக்குவில்லும் அமெரிக்க வேட்டைக்காரர்களும்

இருபது கெஜத் தூரத்தில் ஒரு வெண்வால் மான் நிற்கிறது. மரப்பரணில் இருப்பவர் கைவில்லோடு காத்திருக்கிறார். அம்பை நாணில் பூட்டியாயிற்று; இழுப்பதுதான் பாக்கி. அதற்கு இரண்டு விநாடிகூட ஆகாது. ஆனால் வில் உயர வேண்டும், முழங்கை பின்னால் போக வேண்டும், தோள் திரள வேண்டும். மானின் கண்கள் தலையின் இருபக்கமும் அமைந்தவை. சிறு அசைவும் அவற்றுக்குத் தப்பாது. மான் குனிந்து மேயும்வரை, அல்லது அதன் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறையும்வரை பொறுத்திருக்க வேண்டும். முந்தி இழுத்துவிட்டால் கை நடுங்கத் தொடங்கும். பிந்தினால் மான் போய்விடும். வில்வேட்டைக்காரர்கள் தங்கள் கலை என்று எதைச் சொல்கிறார்களோ, அதில் பாதி இந்த இரண்டு விநாடிகளில்தான் இருக்கிறது. குறி பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

குறுக்குவில்லில் இந்த இரண்டு விநாடிகள் கிடையாது. பரணில் ஏறி உட்காருவதற்கு முன்போ பின்போ, மான் கண்ணில் படாத நேரத்தில் நாணை ஏற்றிவிடலாம். ஏறிய நாணைப் பிடித்திருப்பது மனிதத் தசை அல்ல, ஓர் உலோகக் கொக்கி. துப்பாக்கியைப் போலத் தோளில் சாய்த்து, ஸ்கோப் வழியே பார்த்து, விசையை அழுத்தினால் போதும். அமெரிக்க மான் வேட்டைக்காரர்களிடையே பல ஆண்டுகளாக ஓயாமல் நடக்கும் வழக்கு இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறந்தது. நொடிக்கு 500 அடி வேகம், தூரத்தைத் தானே அளக்கும் ஸ்கோப், ஆறங்குல அகலத்துக்குள் ஒடுங்கும் வில் என்று புதிதாக எது வந்தாலும், அதைப் பற்றிய கருத்துகள் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கின்றன. கருவி பிடித்திருக்கும் நாணுக்கு, கை பிடித்திருக்கும் நாணுக்கென்று ஒதுக்கிய நாட்களில் இடம் உண்டா?

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வாழும் நமக்கு வேட்டை என்றாலே குற்றம் என்றுதான் தோன்றும். அமெரிக்காவின் கதை வேறு. 1900 வாக்கில் சந்தைக்காகச் சுட்டுத் தள்ளியதில் வெண்வால் மான் சில லட்சங்களாகக் குறுகியிருந்தது. சந்தை வேட்டையைத் தடைசெய்து, உரிமம், பருவம், அளவு என்று வகுத்த பிறகு அது மீண்டது. இன்று ஏறத்தாழ மூன்று கோடி மான்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். பயிரையும் இளங்காட்டையும் தின்று, சாலையில் வண்டிகளில் மோதி, அவை இப்போது வேறுவகைச் சிக்கல். அவற்றின் தொகையைக் கட்டுக்குள் வைக்க மாநில அரசுகள் முதன்மையாக நம்பியிருப்பது உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களைத்தான். துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வரும் 11 சதவீத வரியை வனவிலங்குப் பணிக்கே ஒதுக்கும் சட்டம் 1937இல் வந்தது. 1972இல் அந்த ஏற்பாடு வில் சாமான்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஆகவே எந்தக் கருவியை எந்த நாளில் அனுமதிப்பது என்பது அங்கே ரசனையோடு நின்றுவிடும் பேச்சல்ல. காட்டு மேலாண்மை, வருவாய், மரபு மூன்றும் அதில் பின்னிக் கிடக்கின்றன.

இந்த வழக்கின் வேர் பருவ அட்டவணையில் இருக்கிறது. வில்லுக்கு மட்டும் என்று ஒரு மான் பருவத்தை முதலில் ஏற்படுத்திய மாநிலம் விஸ்கான்சின், ஆண்டு 1934. அதற்குப் பின்னால் ஒரு மனிதரின் நிழல் உண்டு. யாஹி இனத்தில் எஞ்சியிருந்த கடைசி மனிதரான இஷி, 1911இல் கலிபோர்னியாவில் வெளியுலகுக்கு வந்தார். அவருக்கு மருத்துவம் பார்த்த சாக்ஸ்டன் போப் அவரிடமே வில் கற்றார். 1916இல் இஷி காசநோயில் இறந்துபோனார். போப்பும் அவர் நண்பர் ஆர்ட் யங்கும் அந்தக் கலையை அமெரிக்க வெள்ளையரிடையே பரப்பினார்கள். போப் எழுதிய வில்வேட்டை நூல் 1923இல் வெளிவந்தது. இருவர் பெயரையும் சேர்த்து 1961இல் தொடங்கிய போப் அண்ட் யங் கிளப்தான் வட அமெரிக்காவில் வில்லால் எடுத்த விலங்குகளுக்கு இன்றுவரை சாதனைப் பதிவேடு வைத்திருக்கிறது. ஓர் இனம் அழிந்த துயரத்திலிருந்து கிளைத்த பொழுதுபோக்கு இது என்பதை வில்லின் தூய்மை பற்றிப் பேசுவோர் அதிகம் நினைப்பதில்லை. நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வில்லால் வெற்றி பெறுவது அரிது. அதனால் வில்லாளிகளுக்கு நிறைய நாட்களைக் கொடுத்தாலும் மான் தொகைக்கு ஆபத்தில்லை என்று நிர்வாகிகள் கணக்குப் போட்டார்கள். விஸ்கான்சினின் மரபான துப்பாக்கிப் பருவம் நவம்பர் இறுதியில் ஒன்பதே நாட்கள். வில் பருவமோ செப்டம்பர் நடுவில் தொடங்கி மாதக்கணக்கில் நீள்கிறது. மிச்சிகனில் அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை காடு வில்லாளிகளுக்கு, அடுத்த நாள் துப்பாக்கி. ஆண் மான்கள் தங்கள் எச்சரிக்கையை மறந்து பெட்டைகளைத் தேடி அலையும் நவம்பர் முதல் இரு வாரங்கள் இந்த ஏற்பாட்டில் வில்லாளிகள் பக்கம் விழுந்தன. துப்பாக்கிச் சத்தம் கேட்காத காடு, பயப்படாத மான், இணைசேரும் பருவம் என மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் நாட்கள் அவை. அவற்றை அடைய ஒருவர் கொடுக்கும் விலையே கைவில்லின் கடினம். குறுக்குவில்காரர் அந்த விலையைக் கொடுக்காமல் உள்ளே வருகிறார் என்பதுதான் எதிர்ப்பாளர்களின் மனக்குறை.

இந்த மனக்குறையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதைச் சொல்பவர்களின் கையில் இருப்பது பெரும்பாலும் காம்பவுண்ட் வில். மிசூரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர் அதற்கு 1966இல் காப்புரிமை கேட்டார். 1969 இறுதியில் கிடைத்தது. வில்லின் நுனிகளில் மையம் விலகிய சக்கரங்கள் இருப்பதால், நாணை முழுதாக இழுத்த பிறகு கையில் தங்கும் பாரம் பெருமளவு குறைந்துவிடுகிறது. 70 பவுண்டு வில்லில் 80 சதவீதப் பாரம் குறைந்தால் கையில் நிற்பது 14 பவுண்டு. அதோடு நாணை விரலால் விடாமல், மணிக்கட்டில் கட்டிய சிறு விசைக் கொக்கியால் விடுவதும் வழக்கமாகிவிட்டது. காம்பவுண்ட் வந்தபோது மரபு வில்லாளிகள் சொன்னதும் இதேதான்: இது வில் அல்ல, இயந்திரம், வில் பருவம் பாழாகிவிடும். பாழாகவில்லை. மாறாக லட்சக்கணக்கானவர்கள் வில்வேட்டைக்கு வந்தார்கள்.

இந்த வரலாற்றைக் காட்டி, ‘நேற்று உங்களைச் சொன்னதை இன்று எங்களைச் சொல்கிறீர்கள்’ என்கிறார்கள் குறுக்குவில்காரர்கள். நல்ல பதில், ஆனால் முழுப் பதில் அல்ல. காம்பவுண்ட் வில்லையும் மான் எதிரில் இருக்கும்போதுதான் இழுத்தாக வேண்டும். பாரம் குறைவதெல்லாம் அந்த இழுப்பு முடிந்த பிறகு. இழுப்பையே நீக்கிய கருவி குறுக்குவில் ஒன்றுதான்.

பழைய வரலாற்றிலும் இந்த அச்சம் உண்டு. 1139இல் இரண்டாம் லாத்தரன் திருச்சபைக் கூட்டம் கிறிஸ்தவர்மீது இந்த ஆயுதத்தைப் பயன்படுத்தக் கூடாதென விதித்தது. எட்டாம் ஹென்றி காலத்து இங்கிலாந்துச் சட்டங்கள் வருமானம் குறைந்தவர்கள் குறுக்குவில் வைத்திருப்பதைத் தடுத்தன. மக்கள் நெடுவில் பயிற்சியை விட்டுவிடுவார்களே என்ற கவலையும் அதில் கலந்திருந்தது. பழக எளிதான கருவி, பழகக் கடினமான கருவியைத் தின்றுவிடும் என்பதே அன்றைய கவலையும்.

கடினமானவற்றைப் பழகும் வயதைக் கடந்தவர்களிடமிருந்துதான் இதற்கு மறுமொழி வந்தது. அமெரிக்க வேட்டைக்காரர்களில் பெரும் பங்கினர் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த தலைமுறை. நாற்பது ஆண்டுகள் வில் இழுத்த தோள்மூட்டு ஒருநாள் கைவிடும்; தசைநார் கிழியும்; அறுவை சிகிச்சைக்குப் பிறகு 50 பவுண்டு இழுப்பது நடவாத காரியம். மாநிலங்கள் முதலில் கதவைத் திறந்தது இவர்களுக்காகவே: உடல் ஊனத்துக்கு மருத்துவச் சான்று, அல்லது குறிப்பிட்ட வயது. ஒஹையோ 1970களிலேயே அனைவருக்கும் திறக்கத் தொடங்கியிருந்தது. பென்சில்வேனியாவும் மிச்சிகனும் 2009இல் பெரிய அளவில் அனுமதித்தன. விஸ்கான்சின் 2014இல் வில் பருவத்தோடு கூடவே ஓடும் தனிக் குறுக்குவில் பருவத்தையும் தனி உரிமத்தையும் உருவாக்கியது. அதுவரை 60 வயதைக் கடந்தோருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் என்றிருந்த மின்னசோட்டா 2023இல் எல்லோருக்கும் திறந்தது. ஒரேகான் மட்டும் வேட்டையில் குறுக்குவில்லே கூடாதென்று பிடிவாதமாக நிற்கிறது. எல்லைக்கு அப்பால் கனடாவின் ஒன்டாரியோவில் நெடுங்காலமாக அது வில் பருவத்தின் பகுதி. அங்கே இதற்காக யாரும் குடிமுழுகிப் போனதாகப் பேசுவதில்லை.

சட்டம் திறந்த வேகத்திலேயே கருவியும் மாறியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு குறுக்குவில் என்றால் இரண்டடிக்கு மேல் அகலம், கனம், பெருஞ்சத்தம், நொடிக்கு 300 அடிக்குள் வேகம். பரணில் உட்கார்ந்து பக்கவாட்டில் திருப்பினால் மரக்கிளையில் இடிக்கும். இன்று விஸ்கான்சினின் ரேவின் நிறுவனம் செய்யும் சில வில்கள், நாண் ஏற்றிய நிலையில் அச்சுக்கு அச்சு ஆறங்குலம்தான். நாணோடு இணைந்த கம்பிகள் வில்லின் நுனிகளிலுள்ள கேம் சக்கரங்களின் மேலும் கீழும் திருகுப் பள்ளங்களில் சமமாகச் சுற்றிக்கொள்வதால், சக்கரம் சாயாமல் ஏறத்தாழ முழுச் சுற்று சுழல முடிகிறது. சிறிய வில்லுக்குள் நீண்ட இழுப்பு அடங்கியது இப்படித்தான். ரேவினின் ஆர்500 வரிசை நொடிக்கு 500 அடி என்று விளம்பரப்படுத்தப்பட்டது. ஒஹையோவின் டென்பாயிண்ட் நிறுவனம் அதற்குப் போட்டியாக 505 என்றது. வேறு சிலர் வில்லையே திருப்பிப் போட்டு, நாண் முன்பக்கமாகப் போய் நிற்கும்படி செய்தார்கள். அதில் எடை தோளுக்கு அருகில் வருகிறது. ஒன்டாரியோவின் எக்ஸ்காலிபர் மட்டும் சக்கரம் ஏதுமின்றி வளைந்த கைகள் கொண்ட எளிய வில்லையே பெரிதும் நம்பிவந்தது. அறுந்த நாணைக் காட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அதற்கென்று விசுவாசமான கூட்டம் உண்டு.

இத்தனை மாற்றங்களில் விளம்பரம் குறைவாகக் கிடைத்த ஒன்றைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். ஏற்றிய நாணை எய்யாமலே இறக்கும் வசதி அது.

பல மாநிலங்களில் சூரியன் மறைந்து அரை மணி நேரத்தோடு அன்றைய வேட்டை முடிந்துவிடும். மான் வரவில்லை. பரணில் இருப்பவரின் மடியில் 200 பவுண்டு விசையோடு ஏறிய நாண் இருக்கிறது. அதைக் கையால் தளர்த்த முடியாது, கை போய்விடும். அம்பில்லாமல் விசையைத் தட்டினால் அந்த ஆற்றல் முழுவதும் வில்லுக்குள்ளேயே பாய்ந்து அதன் கைகள் பிளந்துவிடக்கூடும். ஏறிய நிலையிலேயே வண்டியில் வைத்துக்கொண்டு போவதும் கூடாது. பழைய வில்களில் ஒரே வழிதான்: அதற்கென்று வைத்திருக்கும் ஒரு மழுங்கிய அம்பைப் பூட்டி, கீழே மெத்தென்ற மண்ணிலோ பஞ்சு இலக்கிலோ எய்வது. இருட்டில், களைத்த உடம்போடு, கல்லும் வேரும் கண்ணுக்குத் தெரியாத தரையில். இப்போது வில்லின் பின்தண்டில் கைப்பிடியைப் பொருத்திச் சுழற்றினால் நாண் பல்பல்லாகப் பின்னால் வரும். எதிர்ப்பக்கம் சுழற்றினால் அதே நிதானத்தில் முன்னால் இறங்கும். பிடியை விட்டாலும் நழுவாத ஏற்பாடும் சில வில்களில் உண்டு. ஏற்றுவதற்கு வேண்டிய வலிமை 15 பவுண்டுக்கும் குறைவு. தோள் போனவர், மெலிந்த உடல்வாகுள்ள பெண், பதின்வயதுப் பிள்ளை என எவரும் இன்னொருவர் துணையின்றிக் காட்டுக்குப் போய் வர முடிவது இதனால்தான். நாண் ஓடும் தடத்துக்கு மேலே கட்டைவிரல் நீண்டுவிடாதபடி தடுக்கும் விளிம்பும், அம்பு பூட்டாமல் விசை இயங்காத பூட்டும் இதே வரிசையில் வருகின்றன. வேட்டைக்காரர்களிடையே சண்டையே இல்லாமல் ஏற்றுக்கொள்ளப்பட்ட தொழில்நுட்பம் இது. கைவில்காரர்கள்கூட இதில் குற்றம் காண்பதில்லை.

வேகத்தின் கதை அப்படியல்ல. அதை விரும்புகிறவர்கள் சொல்வது இது: வேகம் கூடினால் அம்பின் பாதை தட்டையாகும், தூரக் கணிப்பில் பிழை இருந்தாலும் தாங்கும், நாண் சத்தம் கேட்டு மான் பதுங்குவதற்குள் அம்பு போய்ச் சேர்ந்துவிடும். இதில் கடைசிக் காரணத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்றின் தடையை விட்டுவிடுவோம். அதைச் சேர்த்தால் வேகத்துக்கு இன்னும் பாதகம்தான்.

40 கெஜம் என்பது 120 அடி. நொடிக்கு 300 அடி போகும் அம்பு 0.40 நொடியில் அதைக் கடக்கும். 500 அடி போகும் அம்பு 0.24 நொடியில். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,125 அடி போவதால் நாணின் சத்தம் 0.11 நொடியில் மானை எட்டிவிடும். ஆக, சத்தம் கேட்டபின் மானுக்குக் கிடைக்கும் அவகாசம் மெதுவான வில்லில் 0.29 நொடி, வேகமான வில்லில் 0.13 நொடி. மிரண்ட மான் ஓடுவதற்கு முன் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும். நெஞ்சுக்கு வைத்த குறி அப்போது முதுகுக்கு மேலே போய்விடும். இந்த 40 கெஜத்தில் வேகம் உண்மையான நன்மை. மறுக்க ஒன்றுமில்லை.

இப்போது வேகத்தை வாங்கியவர் அதை எதற்குச் செலவிடுகிறார் என்று பாருங்கள். 100 கெஜத் துல்லியம் என்று சொல்லித்தான் இந்த வில்கள் விற்கப்படுகின்றன. 100 கெஜம் 300 அடி. 500 அடி வேகத்தில் 0.60 நொடி. சத்தம் 0.27 நொடியில் போய்விடும். மிச்சம் 0.33 நொடி. அதாவது இன்றைய 500 அடி வேக வில் 100 கெஜத்தில் மானுக்குக் கொடுக்கும் அவகாசம், முப்பது ஆண்டுப் பழைய வில் 40 கெஜத்தில் கொடுத்ததைவிட அதிகம். சத்தமே கேட்காவிட்டாலும், மேய்ந்தபடி மணிக்கு 3 மைல் வேகத்தில் நடக்கும் மான் 0.60 நொடியில் இரண்டரை அடி நகர்ந்திருக்கும். நுரையீரலும் இதயமும் சேர்ந்த இலக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம்தான். அதற்குக் குறி வைத்த அம்பு குடலில் போய்த் தைக்கும். தூரத்தை 10 கெஜம் குறைவாகக் கணித்தாலோ, அம்பு ஏறத்தாழ 7 அங்குலம் தாழ்ந்துவிடும். மேசையில் வைத்து அசையாத பஞ்சு இலக்கில் மூன்றங்குல வட்டத்துக்குள் எய்வது வில்லின் திறமையைக் காட்டும். மான் அசையாமல் நிற்கும் என்பதை எந்த வில்லும் உறுதி செய்ய முடியாது.

ஆற்றலையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். 400 கிரெயின் எடையுள்ள அம்பு, அதாவது ஏறத்தாழ 26 கிராம், நொடிக்கு 500 அடியில் சுமார் 220 அடி-பவுண்டு ஆற்றலைச் சுமக்கிறது. மான் வேட்டைக்குப் புழங்கும் .30-06 துப்பாக்கிக் குண்டின் ஆற்றல் அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். குண்டு எலும்பையும் திசுவையும் சிதைத்து வீழ்த்துகிறது. அம்பு கூர்முனையால் அறுத்து, இரத்தப்போக்கால் கொல்கிறது. தைக்கும் இடம் தப்பினால் அம்புக்கு ஈடுசெய்ய வேறு வழி கிடையாது. எனவேதான் ‘குறுக்குவில் ஒரு துப்பாக்கி’ என்று கைவில்காரர்கள் ஏளனமாகச் சொல்வது பாதிதான் சரி. பிடிப்பதிலும் குறி பார்ப்பதிலும் அது துப்பாக்கி. கொல்வதில் அது வில்லேதான். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் புதியவர்தான் 90 கெஜத்தில் விசையைத் தட்டுகிறார். அனுபவமுள்ள குறுக்குவில்காரர்களிடம் பரவலாகக் கேட்கும் அறிவுரை, கருவி எவ்வளவு வேகமானாலும் 40, 50 கெஜத்துக்குள் நின்றுகொள் என்பதே. நொடிக்கு 350 அடி தாராளமாகப் போதும், அதற்கு மேல் சத்தமும் தேய்மானமும்தான் கூடுகின்றன என்பவர்களும் அவர்களில் நிறைய. வேகத்தை அதிகம் புகழ்வது விளம்பரம்தான்.

காயம்பட்டுத் தப்பும் மான்களைப் பற்றித் தரவு உண்டா? இந்த விவாதத்தில் இரு தரப்பும் வாய்க்கு வந்ததைச் சொல்லும் இடம் இது. மேரிலாந்தில் இண்டியன் ஹெட் என்ற கடற்படைத் தளத்தில் நடந்த ஓர் ஆய்வு உதவுகிறது. 1989 முதல் 2006 வரையிலான வில் பருவங்களில் அங்கே காம்பவுண்ட் வில்லும் குறுக்குவில்லும் கொண்டு வேட்டையாடிய 104 பேரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அம்பு பட்ட 908 மான்களில் 162 கிடைக்கவில்லை; அதாவது 18 சதவீதம். இதில் இரண்டு வகை வில்லுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குறுக்குவில் அதிக மான்களைக் காயப்படுத்திவிட்டு விடுகிறது என்ற குற்றச்சாட்டை இது பலவீனப்படுத்துகிறது. குறுக்குவில் துல்லியமானது, எனவே மான் குறைவாகத் துன்பப்படும் என்ற எதிர்த்தரப்பு வாதத்தையும் அதே அளவுக்குப் பலவீனப்படுத்துகிறது. ஆனால் அந்த ஆய்வு 2006இல் முடிந்தது. 100 கெஜ ஆசையைத் தூண்டும் வில்கள் அப்போது இல்லை. அந்த வில்களுக்கென்று இதே பொறுமையோடு ஓர் ஆய்வு நடக்க வேண்டும். விளம்பரத்துக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கை இதற்குக் கொடுப்பது தயாரிப்பாளர்களின் கடமை என்றே நினைக்கிறேன்.

அடுத்த சண்டை மின்னணுவியல். கார்மின் போன்ற நிறுவனங்கள் தூரத்தை லேசரால் அளந்து, அந்தத் தூரத்துக்கு எங்கே குறி வைக்க வேண்டும் என்ற ஒளிப்புள்ளியைத் தானே காட்டும் கருவிகளைக் கொண்டுவந்துவிட்டன. இவற்றை வில்லில் பொருத்துவதைச் சில மாநிலங்கள் ஏற்கின்றன, சில தடுக்கின்றன. போப் அண்ட் யங் கிளப் குறுக்குவில்லால் எடுத்த எதையும் பதிவதில்லை. கைவில்லில்கூடக் குறி பார்க்க உதவும் மின்னணு எதையும் அது ஏற்பதில்லை. அம்பின் பின்முனையில் ஒளிரும் சிறு விளக்கையோ, விழுந்த மானையும் அம்பையும் தேட உதவுகிறது என்பதால், 2014இல் அனுமதித்தது. எய்த பிறகு உதவுவது வேறு, எய்வதற்கு உதவுவது வேறு என்று பிரித்துப் பார்த்த இந்த முடிவு எனக்கு நியாயமாகப் படுகிறது. அழுத்தக் காற்றால் அம்பை எறியும் துப்பாக்கிகளும் 2016 முதல் கடைக்கு வந்துவிட்டன. அவற்றில் நாணே இல்லை. ஆனாலும் அம்பு என்ற பெயரில் வில் பருவத்தின் வாசலைத் தட்டுகின்றன.

சட்டங்கள் இந்த ஓட்டத்தைப் பின்தொடர முடியாமல் திணறுகின்றன. பெரும்பாலான மாநில விதிகள் கருவிக்குத் தரை போடுகின்றன, கூரை போடுவதில்லை. விஸ்கான்சினில் குறைந்தது 100 பவுண்டு இழுவிசை, பென்சில்வேனியாவில் 125. வலுவற்ற வில் மானைக் கொல்லாமல் காயப்படுத்திவிடும் என்ற அக்கறையில் எழுதியவை இவை. மிகு வேகம் ஒருவரை எட்டாத தூரத்துக்கு ஆசைப்பட வைக்கும் என்பதை அவை கணக்கில் எடுக்கவில்லை. நியூயார்க் மேல் வரம்பும் வைத்துப் பார்த்தது: இழுவிசை 200 பவுண்டைத் தாண்டக் கூடாது, வில்லின் அகலம் 17 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று அதன் சட்டம் முதலில் சொன்னது. அந்த நாளைய வில்லைப் பார்த்து எழுதிய விதி அது. சில ஆண்டுகளிலேயே ஒடுங்கிய வில்கள் வந்து, கடையில் கிடைப்பதில் நல்லவை பல சட்டவிரோதமாகிவிட்டன. வேகமோ இழுவிசை வரம்பைச் சுற்றிக்கொண்டு ஏறியது. கருவியின் உருவத்தை அளந்து சட்டம் எழுதினால் இப்படித்தான் ஆகும். இழுப்பு நீளத்தையும் சக்கரத்தையும் மாற்றினால், அதே 200 பவுண்டில் வேகத்தைக் கூட்டிவிடலாம்.

பென்சில்வேனியாவில் ஒரு மாறுபட்ட உதாரணம் இருக்கிறது. 1974 முதல் அங்கே சிக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழும், குழலின் வாய்வழியே மருந்து இடும் பழைய வாய்வழித் துப்பாக்கிக்கென்று கிறிஸ்துமஸுக்குப் பின் ஒரு பருவம் உண்டு. வாய்வழித் துப்பாக்கிகள் 1980களின் நடுவில் நவீனமாகி, ஸ்கோப் பொருத்தி 200 கெஜம் எட்டத் தொடங்கியபோதும், அந்தக் குளிர்காலப் பருவம் மட்டும் கல்பொறித் துப்பாக்கிக்கே நின்றது. நவீன வடிவத்துக்கு வேறு நாட்கள். யூட்டா வேறு வழியில் போனது: வாய்வழித் துப்பாக்கிப் பருவத்தில் உருப்பெருக்கும் ஸ்கோப்புக்கு 2024இல் தடை போட்டது.  வேட்டைக்காரர்களே கேட்டுக்கொண்டால் தொழில்நுட்பத்துக்கு எல்லை போட முடியும் என்பதற்கு அது சான்று.

விஸ்கான்சினில் வேட்டைக்காரர்களின் கருத்தைக் கேட்க ஒரு நல்ல மரபு இருக்கிறது. ஏப்ரல் மாதத்தில் மாநிலத்தின் 72 கவுண்டிகளிலும் பொதுமக்கள் கூடி, வேட்டை, மீன்பிடி விதிகள் பற்றிய கேள்விகளுக்கு வாக்களிக்கிறார்கள். அந்த வாக்கு அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அலட்சியப்படுத்துவதும் எளிதல்ல. குறுக்குவில்லுக்குத் தனி உரிமம் இருப்பதால், இன்ன கருவியால் இத்தனை மான் என்ற கணக்கும் அங்கே தனியாகக் கிடைக்கிறது. 2014இல் தொடங்கிய குறுக்குவில் பருவம், பத்தாண்டு நிறைவதற்குள் கைவில்லைவிட அதிக மான்களை எடுக்கத் தொடங்கிவிட்டது. இதை வைத்துத்தான் இரு தரப்பும் பேசுகின்றன. நவம்பர் முதல் வாரங்களில் பெரிய கொம்புள்ள ஆண் மான்களைக் குறுக்குவில்காரர்கள் எடுத்துவிடுவதால் மற்றவர்களுக்கு மிஞ்சுவதில்லை என்கிறது ஒரு தரப்பு. இவர்களில் கைவில்காரர்களோடு, பருவம் பிந்தித் தொடங்கும் துப்பாக்கிக்காரர்களும் சேர்ந்திருக்கிறார்கள். மொத்த மான் தொகை குறையவில்லை, மான்களைத் தாக்கும் மெலிவு நோய் 2002 முதல் மாநிலத்தில் பரவிவரும் நிலையில் அதிக மான்களை எடுப்பதுதானே தேவை என்கிறது மறுதரப்பு.

இரண்டு தரப்பின் எண்களையும் ஒப்புக்கொள்ளலாம்; முரண்பாடில்லை. மான் தொகைக்குக் குறுக்குவில்லால் ஆபத்தில்லை. ஆனால் ஒரு காட்டில் கொம்பு முதிர்ந்த ஆண் மான்கள் சில மட்டுமே. அவை யாருக்குக் கிடைக்கின்றன என்பது மாறியிருக்கிறது. இதை உயிரியலால் தீர்க்க முடியாது. பங்கீட்டு வழக்காகவே தீர்க்க வேண்டும். அப்படி எடுத்துக்கொண்டால் வழிகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. முதியவருக்கும் உடல் ஊனமுற்றவருக்கும் பருவம் முழுவதும். மற்றவர்களுக்கு இணைசேரும் பருவத்தின் இரு வாரங்களை விட்டு மீதி நாட்கள். அல்லது எல்லோருக்கும் எல்லா நாளும், ஆனால் ஆண் மானுக்கு ஒரே அனுமதி. தூரம் அளந்து குறி காட்டும் மின்னணு வில் பருவத்தில் எந்த வில்லிலும் கூடாது. ஏற்றிய நாணை எய்யாமல் இறக்கும் வசதி புதிதாக விற்கும் எல்லாக் குறுக்குவில்லிலும் கட்டாயம். கருவிவாரிக் கணக்கு விஸ்கான்சினைப் போல எல்லா மாநிலங்களிலும் தனியாக வேண்டும். எல்லா வில்லையும் ஒரே உரிமத்தின் கீழ் கொட்டிவைத்திருக்கும் மாநிலங்களில், ஏப்ரல் வாக்கெடுப்பு போன்ற ஒன்று நாளை வந்தாலும், அங்கே கூடுகிறவர்களின் கையில் கோபம் இருக்கும், தரவு இருக்காது.